மூட்டு நோயும் கண் அழற்சியும்: சேலத்திலிருந்து நோயெதிர்ப்பு ஆய்வில் பிஎச்.டி. தொடங்குபவர்களுக்கு

இடுப்பு பிடித்துக்கொண்டால் எலும்பு டாக்டர், கண் சிவந்தால் கண் டாக்டர். சேலத்தில் ஒரே நோயாளி இரண்டு சீட்டுகளையும் தனித்தனிக் கவரில் வைத்துக்கொண்டு இரண்டு ஆஸ்பத்திரிக்கு அலைவார். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருக்க மாட்டார். அந்த இரண்டு சீட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதுதான் உங்கள் ஆய்வின் முதல் வேலை. ஆய்வகம் அதற்குப் பிறகுதான்.

உயிர்வேதியியல், உயிர்தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், விலங்கியல் எதிலாவது எம்.எஸ்சி. முடித்துவிட்டு இந்தத் துறைக்கு வருபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மருத்துவர்களுக்கும் 4ஆம் படியிலிருந்து பெரும்பாலும் பொருந்தும்.

1. நோயைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள்

"ஆர்த்ரைட்டிஸ் நோயாளிகளில் கண் அழற்சி" என்று தலைப்பு வைத்தால் முதல் கூட்டத்திலேயே திருப்பி அனுப்புவார்கள். அனுப்புவதும் நியாயம்தான், ஏனென்றால் ஒவ்வொரு மூட்டு நோயும் கண்ணின் வேறு வேறு இடத்தைப் பிடிக்கிறது.

முடக்குவாதம் என்று நாம் சொல்லும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் பெரும்பாலும் கண்ணை உலர வைக்கும். சிலருக்கு வெண்விழியில் ஸ்கிளரைட்டிஸ் என்ற அழற்சி வரும். கண்ணின் நடுப்படலத்தில் வரும் அழற்சியான யுவைட்டிஸ் அதன் வழக்கமான முகம் அல்ல. புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். முதுகெலும்பைப் பிடிக்கும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸும் அதன் குடும்பத்து ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸ் வகைகளும்தான் திடீரென்று ஒரு கண்ணைச் சிவக்க வைக்கும் முன்பக்க யுவைட்டிஸைக் கொண்டுவருகின்றன. அடுத்த முறை அது மறு கண்ணுக்கு மாறலாம். எச்.எல்.ஏ.-பி27 மரபணு இங்கே முக்கியம். குழந்தைகளுக்கு வரும் ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ் நேர்மாறானது: கண் சிவக்காது, வலிக்காது, உள்ளே மட்டும் அழற்சி ஓடிக்கொண்டிருக்கும். ஏ.என்.ஏ. (செல்லின் கருவைத் தாக்கும் ஆன்டிபாடி) பாசிட்டிவான, சில மூட்டுகள் மட்டும் வீங்கிய சிறு பெண் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். 3 மாதத்துக்கு ஒருமுறை ஸ்லிட் லாம்ப் (கண்ணுக்குள் மெல்லிய ஒளிக்கற்றை விட்டுப் பார்க்கும் கருவி) பரிசோதனை செய்யச் சொல்வதும் அதனால்தான்.

சேலத்திலிருந்து முதல் ஆய்வைத் தொடங்க ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸே ஏற்றது என்பது என் தீர்மானமான கருத்து. நோயாளிகள் பெரியவர்கள், ரத்தம் எடுப்பது எளிது, தாக்குதல் எந்த நாளில் தொடங்கியது என்று அவர்களே சொல்வார்கள். குழந்தைகள் ஆய்வு இன்னும் அவசரமானது, ஆனால் அதற்குக் குழந்தை மூட்டு நோய் மருத்துவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக: "ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸ் உள்ளவர்களில் யுவைட்டிஸ் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும், ரத்தத்தில் ஐ.எல்.-17 (அழற்சியைத் தூண்டும் புரதம்) சுரக்கும் டி செல்களின் விகிதத்தில் வேறுபாடு உண்டா?" இதற்கு நான்கு குழுக்கள் தேவை: மூட்டும் கண்ணும் பாதித்தவர்கள், மூட்டு மட்டும், பி27 பாசிட்டிவாக இருந்து கண் மட்டும், நலமானவர்கள். இரண்டாவது குழுவை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் காணும் வேறுபாடு கண்ணால் வந்ததா மூட்டால் வந்ததா என்று சொல்லவே முடியாது.

2. சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதுமுன் தலைகளை எண்ணுங்கள்

இரு குழுக்களின் சராசரிகளுக்கிடையே பெரிய வேறுபாட்டை, அதாவது கோஹன் அளவில் 0.8ஐ, 80 சதவீத வலுவுடன் (வேறுபாடு உண்மையில் இருந்தால் 100க்கு 80 முறை பிடிபடும்படி) கண்டுபிடிக்க ஒரு குழுவுக்கு 26 பேர் வேண்டும். நடுத்தர வேறுபாடு, அதாவது 0.5 என்றால் 64 பேர். முதன்மை ஒப்பீடு எது என்று ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

இனி வாய்க்கணக்கு. கண் புறநோயாளிப் பிரிவில் தகுதியானவர் மாதம் 2 பேர் வந்து, அதில் ஒருவர் சம்மதித்தால் 26 பேர் சேர 26 மாதம் ஆகும். எனவே துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கி, 4 வாரம் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து எண்ணுங்கள். பெயர் குறிக்க வேண்டாம். புதிய முன்பக்க யுவைட்டிஸ் எத்தனை, அதில் இடுப்பு வலி உள்ளவர் எத்தனை என்று கோடு போட்டால் போதும். எண்ணிக்கை போதாது என்றால் இன்னொரு மையத்தை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் நோயெதிர்ப்பு மற்றும் மூட்டு நோய்க்கென்று தனித் துறை உண்டு. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா இரண்டிலும் யுவைட்டிஸ் பிரிவு உண்டு. இரண்டாம் ஆண்டில் போய்க் கேட்டால் ஒப்பந்தம், நெறிமுறை அனுமதி எல்லாம் திரும்பவும் முதலிலிருந்து.

3. பதிவு, வழிகாட்டி, பணம்

அறிவியல் பட்டதாரிகளுக்குக் கருப்பூரிலுள்ள பெரியார் பல்கலைக்கழகம் அருகில் இருக்கிறது. மருத்துவர்கள் சென்னையிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பதியலாம். இரண்டின் அறிவிக்கையையும் நேரடியாகப் படியுங்கள்; ஜெராக்ஸ் கடையில் கேட்ட செய்தியை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

யு.ஜி.சி. 2022 விதிகளில் நீங்கள் மனதில் வைக்க வேண்டியவை: முதுகலையில் 55 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. கோர்ஸ்வொர்க் குறைந்தது 12 கிரெடிட். மொத்தக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவில் மேலும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கு மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் விடுப்பு உண்டு. பகுதிநேரமாகச் சேர்பவர்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்.

வழிகாட்டியிடம் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். ஓய்வுக்கு இன்னும் எத்தனை ஆண்டு? 3 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் அவர் புதியவரைச் சேர்க்க முடியாது. இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 என்பது உச்சவரம்பு. கண் மருத்துவர் ஒருவரைத் துணை வழிகாட்டியாகப் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வாய்மொழியாக ஒப்புக்கொண்டவர் இடமாறுதலில் போய்விட்டால், மாதிரியும் அவரோடு போய்விடும்.

சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் ஆண்டுச் செலவுத் தொகை ரூ.20,000 மட்டுமே. ஆன்டிபாடி, எலைசா கிட் எல்லாம் அதில் அடங்காது. உதவித்தொகை உங்கள் வயிற்றுக்கு. ஆய்வுக்குத் தனி நிதித் திட்டம் வேண்டும். வழிகாட்டியிடம் ஓடிக்கொண்டிருக்கும் திட்டம் உண்டா என்பதைச் சேருமுன்னே தெரிந்துகொள்ளுங்கள்.

எலைசா என்பது ரத்தத்திலுள்ள ஒரு புரதத்தை ஆன்டிபாடியால் பிடித்து நிறத்தைக் கொண்டு அளக்கும் முறை. அதன் கணக்கை எப்படிப் போடுவது என்று பாருங்கள். நான்கு குழு, தலா 26 என்றால் 104 மாதிரி. யுவைட்டிஸ் உள்ள இரு குழுக்களிடம் 3 மாதம் கழித்து இரண்டாம் முறை எடுத்தால் மேலும் 52. மொத்தம் 156. ஒரு தட்டில் 96 குழிகள். ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) 8 புள்ளிகளை இரட்டையாக வைத்தால் 16 போய்விடும். மீதி 80 குழியில், இவற்றையும் இரட்டையாக வைத்தால், 40 மாதிரி. அதில் ஒன்றை எல்லாத் தட்டுக்கும் பொதுவான கட்டுப்பாட்டு மாதிரியாக வைத்தால் 39. ஆக ஒரு சைட்டோகைனுக்கு (ஐ.எல்.-17 போன்ற, செல்கள் சுரக்கும் செய்திப் புரதம்) 4 தட்டு சரியாகப் போதும், கெட்டுப்போக ஒன்று, ஆக 5. மூன்று சைட்டோகைனுக்கு 15 தட்டு. எல்லாம் ஒரே லாட் எண்ணாக (ஒரே தொகுதியில் தயாரானதாக) இருக்க வேண்டும். மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்குங்கள், அதில் ஜி.எஸ்.டி., குளிர்பதன அனுப்புக் கட்டணம், காலாவதி தேதி மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

4. நெறிமுறைக் குழு: இங்கேதான் காலம் கரையும்

அனுமதிக் கடிதத்தில் உள்ள தேதிக்கு முன்பு எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தையும் ஆய்வேட்டில் சேர்க்க முடியாது. பின்தேதியிட்டு அனுமதி தர மாட்டார்கள், கேட்கவும் கூடாது. நோயாளி ஓர் இடத்திலும் ஆய்வகம் வேறு நிறுவனத்திலும் இருந்தால் இரண்டு நிறுவனங்களையும் அணுக வேண்டியிருக்கும். திருத்தம், மறு கூட்டம் எல்லாம் சேர்த்து 6 மாதம் ஒதுக்கிவிட்டுத் திட்டமிடுங்கள். கோர்ஸ்வொர்க் நடக்கும்போதே விண்ணப்பித்தால் அந்த 6 மாதம் வீணாகாது.

கோப்பில் இருக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல் தாள், சம்மதப் படிவம், மொழிபெயர்ப்பைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்த்த சான்று, ஆய்வாளர்களின் தன்விவரம், பட்ஜெட், கண் துறைத் தலைவர் மற்றும் மூட்டு நோயாளிகளைப் பார்க்கும் துறைத் தலைவரின் ஒப்புதல் கடிதங்கள், மாதிரியை வேறிடத்துக்கு அனுப்பினால் அதற்கான ஒப்பந்தம். குழந்தைகளைச் சேர்த்தால் பெற்றோர் சம்மதத்தோடு, 7 முதல் 12 வயதுவரை வாய்மொழி ஒப்புதலும் 12 முதல் 18 வரை எழுத்து ஒப்புதலும் ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதல்படி தேவை. மாதிரி வெளிநாட்டுக்குப் போகும் என்றால் அது வேறு அனுமதி, வேறு காலக்கணக்கு, முதல் பிஎச்.டி.யில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

குழு பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும் இடம் கண்ணின் உள்நீர். முன்னறையிலிருந்து 100 மைக்ரோலிட்டர் அளவு எடுக்கக் கண்ணுக்குள் ஊசி போக வேண்டும். உங்கள் ஆய்வுக்காக மட்டும் அதைச் செய்யச் சொல்லிக் கேட்காதீர்கள். நோயறிய மருத்துவர் எப்படியும் எடுக்கும்போது மிஞ்சுவது, கண்புரை அறுவையின்போது வெளியேறுவது என்று எழுதினால்தான் ஏற்பார்கள்.

பி27 பரிசோதனை செய்தால், நலமானவர்கள் குழுவிலும் சிலர் பாசிட்டிவாக வருவார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வரவே வராது. இதைப் படிவத்திலேயே தெளிவாக எழுதுங்கள்; முடிவை யார், எப்போது, எப்படிச் சொல்வார்கள் என்றும் எழுதுங்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அந்த ஒரு தாள் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

5. கேள்வித்தாளை மொழிபெயர்க்காதீர்கள், தமிழில் யோசித்து எழுதுங்கள்

"கண்வலி வந்ததுண்டா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், ஏனென்றால் நம் ஊரில் கண்வலி என்றால் மெட்ராஸ் ஐ. "வாதம் உண்டா?" என்றால் பாதிப் பேர் பக்கவாதம் என்று பயந்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "ஒரு கண்ணு மட்டும் சிவந்து, வெளிச்சம் பார்த்தா கூசி, பீளை இல்லாம வலிச்சதுண்டா? மறுபடி வந்துச்சா, அதே கண்ணா வேற கண்ணா?"

இடுப்பு வலிக்கு இன்னும் கவனம் தேவை. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் தறியில் உட்காருபவர்கள், கொலுசுப் பட்டறையில் குனிந்தே வேலை செய்பவர்கள், இவர்களில் இடுப்பு வலி இல்லாதவரைத் தேட வேண்டும். அது வேலையால் வரும் வலி. உழைத்தால் கூடும், படுத்தால் குறையும். அழற்சி வலி தலைகீழ்: படுத்தால் கூடும், நடமாடினால் குறையும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் பிடித்துக்கொள்ளும், பின்னிரவில் எழுப்பிவிடும். "காலைல எந்திரிச்சதும் பிடிப்பு விட எவ்வளவு நேரம் ஆகும்? வேலைல இறங்கினா தேவலையா, படுத்தா தேவலையா?" என்ற கேள்விகள் பிரித்துக் காட்டிவிடும். 45 வயதுக்கு முன் தொடங்கி 3 மாதத்துக்கு மேல் நீடித்த வலியா என்றும் குறித்துக்கொள்ளுங்கள், ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸுக்கான ஏ.எஸ்.ஏ.எஸ். வகைப்பாட்டுக்கு அது தேவை.

6. மாதிரி எடுக்கும் நாள்

முதலில் தொற்றை விலக்குங்கள். நம் நாட்டில் காசநோய் கண்ணிலும் யுவைட்டிஸாக வரும். சிபிலிஸ், ஹெர்பிஸ், வயல் சேற்றில் இறங்குபவர்களுக்கு லெப்டோஸ்பைரா, இவையும் உண்டு. மார்பு எக்ஸ்ரே, காசநோய்த் தொற்றைப் பார்க்கும் மாண்டோ அல்லது இக்ரா, சிபிலிஸ் பரிசோதனை ஆகியவற்றின் முடிவு இல்லாதவரை யாரையும் குழுவில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது மருந்து. பலர் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சொட்டு மருந்தை இரண்டு நாள் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். "மருந்து போட்டீங்களா" என்று கேட்டால் "இல்லை, சும்மா சொட்டு மருந்துதான்" என்பார்கள். பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி லேபிளைப் படியுங்கள். பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. ஆன்டிபயாட்டிக்கோடு கலந்தும் வரும். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருநாள் போடும் மாத்திரை. கடைசியாக எந்தக் கிழமை போட்டார் என்று கேட்டு எழுதுங்கள்.

ரத்தம் எடுக்கும் நேரத்தை எல்லோருக்கும் காலை 8 முதல் 10 வரை என்று நிலைப்படுத்துங்கள். ஐ.எல்.-6 போன்றவை நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும்.

கண்ணீர் எடுப்பதானால் கண் மருத்துவர் நிறச் சொட்டோ மரப்புச் சொட்டோ போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். ஷிர்மர் தாளின் மடித்த முனையைக் கீழ் இமையின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பகுதியில் மாட்டி, கண்ணை மூடச் சொல்லி 5 நிமிடம் விடுங்கள். நனைந்த நீளத்தை மில்லிமீட்டரில் குறியுங்கள். கூசும் கண்ணில் நீர் அருவியாகக் கொட்டி சைட்டோகைன் செறிவு நீர்த்துப்போகும். நீளத்தைக் குறிக்காவிட்டால் அதைப் பின்னால் கண்டுபிடிக்கவே முடியாது. அழற்சியின் தரத்தை எஸ்.யு.என். (யுவைட்டிஸுக்கான பொதுத் தர அளவுகோல்) முறைப்படி மருத்துவரைக் கொண்டே எழுத வாங்குங்கள்: 1 × 1 மி.மீ. ஒளிக்கற்றையில் 6 முதல் 15 செல் என்றால் 1+, 16 முதல் 25 என்றால் 2+, 26 முதல் 50 என்றால் 3+, அதற்கு மேல் 4+. "லேசா இருக்கு" என்ற குறிப்பு எதற்கும் உதவாது.

ஏற்காட்டிலிருந்து மாதிரி கொண்டுவருபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். செல் பிரிக்க வேண்டிய ஹெப்பாரின் (ரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்து) ரத்தத்தை ஐஸில் வைக்காதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு இது, நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். குளிர்ந்த ரத்தத்தில் செல்கள் சரியாகப் பிரியாது, சிவப்பணுக்கள் கலந்துவரும். 18 முதல் 25 டிகிரி வேண்டும். மலை மேல் குளிர், கீழே சித்திரை வெயிலில் வண்டிக்குள் கொதிப்பு. தெர்மோகோல் பெட்டியில், உறையவைக்காமல் 20 டிகிரி அளவில் வைத்த ஜெல் பேக்குகளை நாலு பக்கமும் அடுக்கி, நடுவில் குழாய்களைச் செங்குத்தாக ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு சிறிய வெப்பமானியையும் உள்ளே போடுங்கள். சீரம் குழாய் வேறு கதை: 20 கொண்டை ஊசி வளைவிலும் குலுங்கினால் ரத்தக்கட்டு உடைந்து சீரம் சிவந்துவிடும். அதை மேலேயே 30 நிமிடம் உறையவிட்டு, 1500 ஜி (புவியீர்ப்பின் 1500 மடங்கு) விசையில் 10 நிமிடம் சுழற்றி, சீரத்தைப் பிரித்த பிறகே இறக்குங்கள். இதைக் குளிரில் வைக்கலாம்.

ஏற்காட்டு எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரும் ஒவ்வொரு நாளும் கூலி போகும். பயணச் செலவையும் இழந்த கூலியையும் தர நெறிமுறைக் குழுவிடம் தொகையைச் சொல்லி முன்பே அனுமதி வாங்குங்கள். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் மறுபார்வை வைத்தால் வர மாட்டார்கள். சேலம் நகரில் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரமும் அப்படியே.

7. ஆய்வகத்தில் எது கெடும், ஏன்

ரத்தம் எடுத்த 8 மணி நேரத்துக்குள் செல் பிரித்துவிடுங்கள். ரத்தத்தைச் சம அளவு பி.பி.எஸ். (உப்புக் கரைசல்) கலந்து நீர்க்க வைத்து, 1.077 அடர்த்தியுள்ள ஃபைக்கால் திரவத்தின் மேல் குழாயைச் சாய்த்து மெல்ல வழியவிடுங்கள். 400 ஜி, 30 நிமிடம், பிரேக் அணைத்த நிலையில். வெளியே எடுத்தால் மேலே மஞ்சள் பிளாஸ்மா, அதன் அடியில் சோறு வடித்த கஞ்சியின் ஆடை போல ஒரு மெல்லிய வெண் வளையம், பிறகு தெளிந்த ஃபைக்கால், அடியில் சிவப்பு. அந்த வெண் வளையம்தான் உங்கள் நான்கு ஆண்டு உழைப்பு. பிரேக் போட்டிருந்தால் அது கலைந்து போயிருக்கும். ஒரு மி.லி. ரத்தத்துக்கு 10 முதல் 20 லட்சம் செல் கிடைத்தால் சரி.

சேமிக்க 90 சதவீதம் எஃப்.பி.எஸ். (கன்றுக் கருவின் சீரம்), 10 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ. (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்); நிமிடத்துக்கு 1 டிகிரி குறையும் பெட்டியில் மைனஸ் 80க்கு இறக்கி, பிறகு திரவ நைட்ரஜனுக்கு மாற்றுங்கள். மைனஸ் 80லேயே மாதக்கணக்கில் விட்டால் உருக்கும்போது பாதிக்கு மேல் செத்திருக்கலாம். அந்த ஃப்ரீசர் ஜெனரேட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று மின்வாரியம் பராமரிப்பு நிறுத்தம் அறிவிக்கும் நாளுக்கு முன்பே நேரில் போய்ப் பாருங்கள்.

சாயமிட்ட செல்களை லேசரில் ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ஐ.எல்.-17 பார்க்க, செல்லைத் தூண்டப் பி.எம்.ஏ.வும் அயனோமைசினும் கொடுத்து, சுரப்பது வெளியேறாமல் தடுக்கப் பிரெஃபெல்டின் ஏ சேர்த்து 4 முதல் 6 மணி நேரம் வைப்பது வழக்கம். பி.எம்.ஏ. பட்டால் செல்லின் மேலுள்ள சி.டி.4 என்ற அடையாளப் புரதம் உள்ளே இழுக்கப்பட்டுவிடும், சி.டி.4 செல்லே காணோம் என்று திகைக்காதீர்கள். சி.டி.3 பாசிட்டிவ், சி.டி.8 நெகட்டிவ் என்று பிரித்துப் பாருங்கள். இறந்த செல்லைக் காட்டும் சாயமும், ஒவ்வொரு நிறத்தையும் விட்டுப் பார்க்கும் எஃப்.எம்.ஓ. கட்டுப்பாடும் இல்லாத தரவைத் தேர்வாளர் கேள்வி கேட்பார்.

பி27ஐ ஃப்ளோவில் மட்டும் பார்த்தால் பி7 என்ற இன்னொரு எச்.எல்.ஏ. வகை உள்ளவர்களும் பாசிட்டிவ் போலக் காட்டலாம். பி.சி.ஆர். கொண்டு உறுதி செய்யுங்கள்.

எலைசாவில் மறைந்திருக்கும் குழி ருமட்டாய்டு ஃபேக்டர். அது ஆன்டிபாடியைப் பிடிக்கும் ஆன்டிபாடி. சாண்ட்விச் எலைசாவில் கீழே உள்ள ஆன்டிபாடியையும் மேலே உள்ளதையும் அதுவே பாலம் போட்டு இணைத்துவிடும். சைட்டோகைன் இல்லாமலேயே நிறம் ஏறும். மூட்டு நோயாளிகளுக்கு எல்லாமே அதிகம் என்று பொய்யான முடிவு வரும். ஒவ்வொரு மாதிரியிலும் ருமட்டாய்டு ஃபேக்டரை அளந்துவைத்து, பாசிட்டிவாக வருபவற்றைத் தடுப்பான் சேர்த்தும் சேர்க்காமலும் ஓட்டிப் பாருங்கள். நான்கு குழு மாதிரிகளையும் ஒவ்வொரு தட்டிலும் கலந்து வையுங்கள். முதல் தட்டு முழுக்க நோயாளிகள், கடைசித் தட்டு முழுக்க நலமானவர்கள் என்று வைத்தால் தட்டுக்குத் தட்டு வரும் வேறுபாடே நோய் போலத் தெரியும்.

8. காலத்தை இப்படி ஒதுக்குங்கள்

முதல் ஆண்டு கோர்ஸ்வொர்க், நெறிமுறை அனுமதி, ஆன்டிபாடி அளவு சரிபார்ப்பு. அந்தச் சரிபார்ப்புக்கு நலமான 5 பேர் ரத்தம் போதும், ஆனால் அதற்கும் அனுமதி வந்திருக்க வேண்டும். அடுத்த 24 முதல் 30 மாதம் ஆள் சேர்ப்பு. மூன்று மாத மறுபார்வை இருப்பதால் கடைசி நோயாளியைச் சேர்த்த நாளிலிருந்து 3 மாதம் கழித்தே எலைசா தட்டுகளைத் திறக்க வேண்டும். கிட்டின் காலாவதி தேதியை அதற்கு ஏற்ப வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு முன் நிற்கும்போது எத்தனை பேரை அணுகினீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், ஏன் என்ற பட்டியலையும் எடுத்துப் போங்கள். நெறிமுறை அனுமதிக்குப் புதுப்பிப்புத் தேதி உண்டு. அதைச் சுவர் காலண்டரில் இரண்டு மாதம் முன்கூட்டியே வட்டமிட்டு வையுங்கள்.

எழுதும்போது ஒப்புமைச் சரிபார்ப்பில் (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் பார்ப்பது) 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். செய்முறைப் பகுதிதான் வழக்கமாக மாட்டும், கிட் தாளிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுவதால். நீங்கள் உண்மையில் எத்தனை மி.லி. எடுத்தீர்கள், எத்தனை நிமிடம் வைத்தீர்கள் என்பதை அன்றைய நோட்டிலிருந்து எழுதினால் எந்த மென்பொருளும் பிடிக்காது. அதற்காகவாவது நோட்டை அன்றன்றே பேனாவில் எழுதித் தேதியிட்டு வையுங்கள்.